சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

நான் மருந்தை அளந்து கொடுத்துச் சம்பளம் வாங்கியவள். அவுன்ஸ், கிரெயின் என்று அளவு உள்ளதைத்தான் நம்புவேன். புளியமரத்துப் பேய், குளத்தங்கரை மோகினி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். பிணவறைப் பக்கம் போக நர்ஸுகளே பயப்படும்போது, "செத்தவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க, உயிரோட இருக்கறவங்கதான் மருந்த மாத்திக் குடிச்சிட்டு நம்ம உயிர எடுப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தவள் நான். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, வயசான காலத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் எனக்கு மருந்து கொடுக்கும் வேலை. பேர் ராஜேஸ்வரி என்றாலும் எல்லோருக்கும் நான் மருந்துக்காரம்மாதான். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, முடியெல்லாம் கருகருவென்று இடுப்பு வரைக்கும் இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

இப்போது மாதிரி அட்டையில் அடைத்த மாத்திரை அப்போது கம்மி. பெரிய ஜாடிகளிலிருந்து மருந்தை நாங்களே கலந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்போம். பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்மாள் பழைய பாட்டில்களைக் கழுவி விற்பாள், முக்கால்வாசிப் பேர் அவளிடம்தான் வாங்குவார்கள், அதனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். குடிக்கிற மருந்து என்றால் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவேன். ஒரு வேளைக்கு ஒரு பல், மருந்து ஒரு கோடு இறங்கினால் ஒரு வேளை முடிந்தது, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். ஜாடியை எடுக்கும்போது பேரைப் படிப்பேன், ஊற்றும்போது படிப்பேன், திருப்பி வைக்கும்போதும் படிப்பேன். கொடுப்பதற்கு முன் எப்படிக் குடிக்க வேண்டும் என்று நோயாளியையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுவேன். "இன்னாம்மா, பள்ளிக்கூடமா நடத்தற?" என்று வரிசையில் திட்டுவார்கள். திட்டட்டுமே.

தொந்தரவெல்லாம் மேலுக்குத் தேய்க்கிற மருந்தில்தான். மூட்டுவலிக்கு ஒரு தைலம் கலப்போம், தோலில் தேய்த்தால் சொர்க்கம், உள்ளே போனால் நெஞ்சை நிறுத்திவிடும், சின்னக் குழந்தைக்கு ஒரு கரண்டியே ஜாஸ்தி. 'குடிக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினாலும் படிக்கிறவர்கள் யார்? அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த பாட்டிலின் கழுத்தில் மட்டும் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். சிவப்பு என்றால் ஆபத்து. டாக்டர்கூட எல்லோர் எதிரிலும் பாராட்டினார், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அன்று கார்த்திகை தீபம். தீபத்தன்று இந்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பார்க்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. காலையிலிருந்தே என் ஜன்னலில் கூட்டம் முண்டியடித்தது. கம்பி வலை போட்ட ஜன்னல், கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, உள்பக்கம் ஒரு பலகை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு முட்டிவலித் தைலம் கலந்து, நூல் கட்டி, பலகையின் ஓரத்தில் வைத்திருந்தேன். "சாமி பாத்துட்டு வந்து வாங்கிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குப் போய்விட்டார். அப்புறம் அடி அண்ணாமலையிலிருந்து காசியம்மா என்று ஒரு சின்னப் பெண், இடுப்பில் மூன்று வயசுக் குழந்தை, கடுமையான இருமல். சீட்டைப் பார்த்து இருமல் மருந்து கலந்தேன். பட்டை ஒட்டி, தக்கையைப் போட்டு, மேலே காகிதத்தைக் கவிழ்த்து வெள்ளை டொய்ன் நூலால் முடிச்சுப் போட்டுப் பலகையில் வைத்தேன். "மூணு வேள, வேளைக்கு ஒரு கோடு" என்று அவளும் அழகாகத் திருப்பிச் சொன்னாள். அதற்குள் பின்னால் யாரோ மயங்கி விழ, கூட்டம் இடிக்க, நான் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் காசியம்மா சந்துக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். நடுப்பகல் வாக்கில் கூட்டம் அடங்கியது. உட்கார்ந்து காகிதத்தில் மருந்துப் பொடி மடித்துக்கொண்டிருந்தேன். என்னவோ தெரியவில்லை, எனக்கு இருப்பே கொள்ளவில்லை. எழுந்திருக்கிறேன், ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி மறுபடியும் எழுந்திருக்கிறேன். பூட்டின அலமாரியைத் திறந்து பார்த்துப் பூட்டினேன். பசியா என்றால் பசியில்லை, காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தால் அதுவும் இல்லை. அப்புறம் பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. துக்கமே இல்லை, அழுகை மட்டும் வருகிறது.

வார்டுக்கு மருந்து வாங்க வந்த மேரி சிஸ்டர் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ராஜி, இன்னாடி ஆச்சு? வூட்டுக்காரரு கூட சண்டையா?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். தானா வருது."

"தானா எப்டிடி வரும்?" என்று கேட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் கண்ணைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே அந்த நேரத்தில் நான் அந்த அறையை விட்டு எங்கும் போகவில்லை. சாட்சிக்கு ஆள் இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் முட்டிவலிப் பெரியவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். "என் தேய்க்கற மருந்து குடும்மா" என்று கையை நீட்டினார். பலகையில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. எடுத்துக் கையில் கொடுக்கப் போனவள் பார்த்தேன், கழுத்தில் சிவப்பு நூல் இல்லை. பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டின பட்டை இருந்தது.

நீட்டிய பாட்டிலைத் திரும்பப் பலகையிலேயே வைத்துவிட்டேன். தைலத்தைக் காசியம்மா காலையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், நடுப்பகல் வேளை முடிந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு ஒரு கரண்டி உள்ளே போயிருந்தால் இந்நேரம்...

டாக்டரிடம் ஓடிச் சொன்னேன். அவர் கூட்டத்தில் மிதிபட்டு வந்தவர்களுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஓடுங்க ராஜேஸ்வரி. உயிர் இருந்தா தூக்கிட்டு வந்துடுங்க" என்றார். 'இருந்தா' என்ற அந்தச் சொல் என் காதில் ஆணி மாதிரி இறங்கியது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலகையில் இருந்த அந்த இருமல் மருந்தை ஏன் என்றே தெரியாமல் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பஸ் கிடையாது, ஜட்கா வண்டி கிடையாது. மலையைச் சுற்றி வருகிற கூட்டத்தோடு போனால் அடி அண்ணாமலை தூரம், எதிர்ப்பக்கமாகப் போனால் கிட்டே. எதிர்ப்பக்கமாகத்தான் போனேன். அத்தனை ஜனமும் ஒரு பக்கமாக வர, நான் ஒருத்தி மட்டும் எதிரே முட்டிக்கொண்டு போகிறேன். "ஏம்மா, எதுருக்கா போற? சாமிய இடமா சுத்தாத, குடும்பத்துக்கு ஆவாது!" என்று ஒருவர் என் தோளைப் பிடித்தே திருப்பினார். உதறிவிட்டுப் போனேன். குறுக்கே வந்த குழந்தை ஒவ்வொன்றும் அந்தக் குழந்தையாகத் தெரிந்தது. மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான், அது வேண்டுதல்கூட இல்லை, பிதற்றல். யாராவது அந்த வீட்டுக்குள் போங்களேன், யாராவது அந்தக் கரண்டியைத் தட்டிவிடுங்களேன்.

ஊருக்குள் நுழையும்போது மலை உச்சியில் தீபம் ஏறியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊரே கத்துகிறது, எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், நான் ஒருத்தி மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "காசியம்மா வீடு எது, காசியம்மா வீடு எது" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுக்கிறேன். யாரோ ஒரு கூரை வீட்டைக் காட்டினார்கள்.

வாசலில் காசியம்மா அகல் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் இல்லை, கூட்டம் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, மறுபடியும் வந்துட்டீங்க?"

எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. "குழந்த எங்க? குழந்தைய காட்டு!" என்று அவளைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனேன். பச்சையம்மா, அதுதான் அந்தக் குழந்தையின் பேர், பாயில் உட்கார்ந்து பொரி உருண்டையை நக்கிக்கொண்டிருந்தது. விளக்கைக் கண்ணெதிரே கொண்டுபோனேன், கண்மணி ஒழுங்காகச் சுருங்கியது. நாடி சரி. வாயை மோந்து பார்த்தேன். தைல நாற்றம் இல்லை, என் இருமல் மருந்தின் சோம்பு வாசனைதான் வந்தது. அப்படியே அதைத் தூக்கி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"மத்தியானமும் இதே மாதிரிதான் அழுதீங்க. எதுக்குக்கா அழுவறீங்க? அதான் ஊத்திக் குடுத்தீங்க இல்ல?" என்றாள் காசியம்மா.

"நான் எங்கடி வந்தேன்?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "விளையாடறீங்களா? மத்தியானம் கரண்டில ஊத்தி புள்ள வாயாண்ட கொண்டுபோறேன், பின்னாலேருந்து வந்து கையப் புடிச்சிட்டீங்க. நான் பயந்தே பூட்டேன். கரண்டிய தட்டிவுட்டு, பாட்டில்ல இருந்ததயும் கொல்லையில கொட்டிட்டீங்க. அப்பால உங்க பையிலேருந்து வேற பாட்டில எடுத்து நீங்களே அளந்து ஊத்தினீங்க. குடிச்சதும் புள்ள நல்லா தூங்கிச்சு."

"நான் குடுத்தது இல்லாம வேற பாட்டில ஏன் எடுத்தே?" எதைக் கேட்பது என்று தெரியாமல் இதைத்தான் கேட்டேன்.

"ரெண்டு இருந்துது. ஒண்ணுல சாமிக் கயிறு கட்டி இருந்துது. இன்னிக்கு தீபமாச்சே, புள்ளைக்குனு பூஜைல வெச்சு கட்டினிருக்கீங்கனு அதையே எடுத்துனு வந்தேன்."

சாமிக் கயிறு! சிவப்பு என்றால் ஆபத்து என்று ரயிலில், ரோட்டில் கற்றுக்கொண்டது நாங்கள். அவளுக்குச் சிவப்பு என்றால் அம்மன், காப்பு. நான் எதைக் கட்டித் தடுக்கப் பார்த்தேனோ, அதுவே அவளைக் கூப்பிட்டிருக்கிறது.

விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வேலியோரம் மண் ஈரமாக இருந்தது, தைலத்தின் கற்பூர நெடி மூக்கில் ஏறியது. காலி பாட்டில் கிடந்தது, கழுத்தில் என் நூல். பக்கத்தில் ஒரு கோழி கால் விறைத்துச் செத்துக் கிடந்தது. "இதுக்கு இன்னா வந்துச்சுனு தெரியல, நல்லா மேஞ்சினு இருந்துச்சு" என்றாள் காசியம்மா. நான் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் பையிலிருந்த பாட்டில் ஞாபகம் வந்தது. எடுத்து விளக்கில் பிடித்தேன். தக்கையின் மேல் காகிதம் கசங்கவில்லை, டொய்ன் முடிச்சு நான் போட்ட மாதிரியே இருக்கிறது. மருந்து மட்டும் ஒரு கோடு இறங்கியிருந்தது. மேல் கோடு வரைக்கும் ஊற்றினவள் நான், கை தவறாது. நாள் பூராவும் அது பலகையில்தான் இருந்தது, மத்தியானம் மேரி சிஸ்டர் எதிரிலும் அங்கேதான் இருந்தது.

"வந்தது நான்தான்னு உனக்கு நல்லா தெரியுமா?" என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? மூஞ்சி கொஞ்சம் வாடி, முடி ஒரே வெள்ளையா கெடந்துது. கூட்டத்துல வந்தீங்க இல்ல, விபூதி கொட்டிக்கிச்சுனு நெனச்சேன். கைகூட நடுங்கிச்சு, பாவம், நடந்து வந்த களைப்புனு தண்ணி குடுத்தேன், வாங்கல. காலைல வேற புடவ, மத்தியானம் பாக்குக் கலர்ல பச்சை கரை போட்ட புடவ. புள்ள மூஞ்சியவே பாத்துனு அழுதீங்க. நான் இன்னா கேட்டாலும் பேசல. போறப்போ மட்டும் ஒண்ணு சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"'இந்தத் தடவ நேரத்துக்கு வந்துட்டேன்'னு சொன்னீங்க."

அந்த வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டுத் திரியைத் தூண்டப் போய்விட்டாள். நான் உள்ளே போய்க் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். குழந்தை சோறு தின்று, விளையாடி, தூங்குகிற வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டுத்தான் வந்தேன். டாக்டரிடம், தைலத்தைக் கொட்டிவிட்டார்கள், குழந்தை பிழைத்தது என்று மட்டும் சொன்னேன். மேரி சிஸ்டரிடம் முழுசாகச் சொன்னபோது அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து சிவப்பு நூலை விட்டுவிட்டேன். தேய்க்கிற மருந்துக்குத் தக்கையின் மேல் அழுக்குக் கோணித் துண்டைக் கட்ட ஆரம்பித்தேன். கோணியை யாரும் சாமி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கையிலேயே கொடுத்தாலொழிய எந்த பாட்டிலையும் பலகையில் வைப்பதும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படித்தான்.

எனக்கும் காரணம் தேடத் தெரியாமல் இல்லை. யாரோ ஒரு வயசான அம்மாள் அந்தப் பக்கமாகப் போயிருக்கலாம், தைல நெடியை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம், காசியம்மா என் சாயலாக நினைத்திருக்கலாம். சரி, அந்த ஒரு கோடு மருந்து எங்கே போயிற்று? அதோடு அந்த வார்த்தை. இந்தத் தடவை என்றால் அதற்கு முன்னால் ஒரு தடவை இருந்திருக்க வேண்டுமே. அந்தத் தடவை யாரும் நேரத்துக்கு வரவில்லையே, அப்போது என்ன ஆகியிருக்கும்? இதை நினைத்தால் இன்றைக்கும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது, வீட்டுக்குள்ளேயே நடப்பேன். பேரன், "பாட்டி மறுபடியும் ரவுண்ட்ஸ் போறாங்க" என்று கேலி பண்ணுவான்.

பச்சையம்மா வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது அவளுக்கே பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்னைப் பார்க்க வருவாள், அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவளுக்கும் நான் அக்காதான். போன தடவை வந்தபோது கதவைத் திறந்ததும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது, இந்த வருஷமாகக் கையும் நடுங்க ஆரம்பித்திருக்கிறது.

"என்னடி அப்படிப் பாக்கறே?" என்றேன்.

"சின்ன வயசுல நடந்தது எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா. ஒரு மூஞ்சி மட்டும் ஞாபகம் கீது, என்னையப் பாத்து அழுவற மூஞ்சி. அம்மா அது நீங்கதான்னு சொல்லும். ஆனா உங்கள பாக்கறப்பல்லாம், இது அந்த மூஞ்சி இல்லியேனு தோணும். இப்பதான்கா அந்த மூஞ்சி உங்களுக்கு வந்திருக்குது."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நான் அவளை விடவே இல்லை, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஏன்கா இப்படிப் பிடிக்கிறீங்க என்று அவள் கேட்கிற அளவுக்கு. வெளியே சொன்னால் பைத்தியம் என்பீர்கள், எனக்குள் ஓடியது இதுதான்: அங்கே நான் இன்னும் போகவில்லையோ, இனிமேல்தான் போக வேண்டுமோ, போகாமல் விட்டால் இந்தக் கை இப்படிச் சூடாக என் கைக்குள் இருக்குமோ, இருக்காதோ.

பாக்குக் கலரில் பச்சைக் கரை போட்ட புடவை என்னிடம் இன்றுவரை இல்லை. நானாக வாங்கினதும் இல்லை, யாரும் கொடுக்கவும் விட்டதில்லை. போன வாரம் மருமகள் மெட்ராஸிலிருந்து போன் பண்ணினாள், "அத்தை, தீபத்துக்கு உங்களுக்கு ஒரு புடவை எடுத்திருக்கேன், வரும்போது எடுத்துட்டு வரேன்" என்றாள். சரிம்மா என்றேன். என்ன கலர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.